உயிருள்ள மனித செல்லுக்குள் புரதத்தை என்எம்ஆர் வழியே ஆராயும் முறை

ஒரு புரதத்தைத் தூய்மைப்படுத்தித் தாங்கல் கரைசலில் கரைத்து, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில், அதாவது என்எம்ஆரில் பார்க்கும்போது, அது தனித்திருக்கையில் என்ன வடிவில் இருக்கும் என்பதை மட்டுமே அறிகிறோம். மனித செல்லின் சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்நீர்மத்தில், அதற்குத் தனிமை கிடையாது. அங்கே லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேற்பட்ட பெருமூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடு மில்லிமோலார் அளவில் இருந்து, கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீன்களைப் பெரும்பாலும் ஒடுக்க நிலையிலேயே வைத்திருக்கிறது. செம்பு போன்ற உலோக அயனிகள் தாராளமாக மிதந்து திரிவதில்லை, அவற்றை ஏந்திச் செல்லும் புரதங்களின் கையிலிருந்துதான் கிடைக்கின்றன. இந்தச் சூழல் முழுவதையும் எந்தத் தாங்கல் கரைசலிலும் மீண்டும் உருவாக்க முடியாது. ஆகவே புரதத்தை அதன் இருப்பிடத்திலேயே அணு அளவில் பார்க்க வேண்டுமென்றால், செல்லை உடைக்காமல் உயிரோடு என்எம்ஆர் குழாய்க்குள் வைப்பதே வழி.

2001இல் ஃபோல்கர் டோச் குழுவினர் ஈ. கோலை பாக்டீரியத்துக்குள் இருக்கும் புரதத்தின் நிறமாலையை எடுத்துக் காட்டினார்கள். 2006இல் தவளையின் முட்டைச் செல்லுக்குள் புரதத்தை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். 2009இல் மனித செல்களிலும் இது இயலும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 2013இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் லூசியா பான்சியின் குழு, புரதத்தை வெளியிலிருந்து செலுத்தாமல் மனித செல்லையே அதை உற்பத்தி செய்ய வைத்து, அது முதிர்ச்சியடையும் படிகளைப் பின்தொடர்ந்தது. இந்த வழிகாட்டி முதன்மையாக அந்தக் கடைசி முறையைப் பின்பற்றுகிறது. முதன்முறை இதில் இறங்கும் ஆய்வுக்கூடத்துக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் அடைபட்ட செல்கள் நல்ல நிலையில் இருக்கப்போவது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். புரதத்தைத் தேர்ந்தெடுப்பது, ஐசோடோப்பு ஏற்றுவது (என்எம்ஆரில் தெரியும் அணு வகையைப் புரதத்தில் புகுத்துவது), பல்ஸ் வரிசையை (ரேடியோ துடிப்புகளின் ஒழுங்கை)த் தீர்மானிப்பது ஆகிய எல்லா முடிவுகளையும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து பின்னோக்கி யோசித்தே எடுக்க வேண்டும். வழக்கமான கரைசல் மாதிரிக்கு இரவு முழுவதும் சமிக்ஞை சேர்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு முதலில் கடினமாகவே தோன்றும்.

எந்தப் புரதம், எந்தக் கேள்வி

என்எம்ஆர் உணர்திறன் குறைந்த முறை. செல்லுக்குள் புரதத்தின் செறிவு பத்து மைக்ரோமோலாருக்குக் கீழே இறங்கிவிட்டால், ஒரு மணி நேரத்தில் நம்பத்தக்க இருபரிமாண நிறமாலை (ஒவ்வொரு முகடும் ஹைட்ரஜன், நைட்ரஜன் இரண்டின் அதிர்வெண்களையும் காட்டும் வரைபடம்) கிடைப்பது அரிது. மனித செல்லில் இயல்பாகவே இந்தச் செறிவில் இருக்கும் புரதங்கள் சிலவே என்பதால், பெரும்பாலான சோதனைகளில் புரதத்தை மிகையாக உற்பத்தி செய்ய வைக்கிறோம். மிகையாக இருக்கும் புரதத்துக்கு வேண்டிய துணைப் புரதங்களும் உலோகங்களும் அதே விகிதத்தில் செல்லில் இராது என்பதை நிறமாலைக்குப் பொருள் சொல்லும்போது மறக்கக் கூடாது.

செறிவைவிட முதன்மையானது புரதத்தின் சுழற்சி வேகம். கரைசல்நிலை என்எம்ஆரில் கூர்மையான கோடுகள் வர வேண்டுமென்றால் மூலக்கூறு வேகமாகச் சுழல வேண்டும். பதினைந்து கிலோடால்டன் நிறையுள்ள சிறிய புரதம் தாங்கல் கரைசலில் அழகான நிறமாலை தந்தாலும், செல்லுக்குள் அது ரைபோசோம் போன்ற பெரிய கூட்டுடன் ஒட்டிக்கொண்டால், அதன் சுழற்சி வேகம் அந்தக் கூட்டின் வேகத்துக்கு இறங்கிவிடும். கோடுகள் அகன்று பின்னணியோடு கலந்து மறையும். ஒட்டுதல் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வலுவற்ற, கணநேரத் தொடுகைகளே இதற்குப் போதும். மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் மிகுந்த புரதங்கள் நியூக்ளிக் அமிலங்களை நாடிப்போவதால் இவ்வாறு மறைவது அதிகம். எதிர்மின்னேற்றம் கொண்ட சிறிய புரதங்களும், நிலையான மடிப்பில்லாத புரதங்களும் எளிதில் தென்படும். மடிப்பில்லாத புரதத்தின் ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் அசைவதால், ஒரு முனை எங்காவது ஒட்டிக்கொண்டாலும் மறுமுனை தொடர்ந்து சமிக்ஞை தருகிறது.

ஆகவே முதல் முயற்சிக்கு உங்களுக்கு மிகவும் பிடித்த புரதத்தை எடுக்காமல், ஏற்கெனவே செல்லுக்குள் தென்பட்டிருக்கும் ஒன்றை எடுத்து முறையைப் பழகிக்கொள்ளுங்கள். எஸ்ஓடி1 எனப்படும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் அதற்குப் பொருத்தமானது. 153 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் ஒவ்வோர் அலகும் ஒரு துத்தநாக அயனியையும் ஒரு செம்பு அயனியையும் ஏற்று, 57, 146 ஆகிய இடங்களிலுள்ள சிஸ்டீன்களுக்கு இடையே ஒரு டைசல்ஃபைடு பிணைப்பை உருவாக்கி, இரண்டிரண்டாக இணைந்து முதிர்கிறது. ஒவ்வொரு படியும் நிறமாலையில் தனித்தனியாகத் தெரியும். தூய புரதத்தின் நிறமாலையை ஒவ்வொரு நிலையிலும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், செல் நிறமாலையில் தெரியும் முகடு எந்த நிலையைக் குறிக்கிறது என்று சொல்ல வழியில்லை.

புரதத்தைச் செல்லுக்குள் உருவாக்குவது

மனித சிறுநீரகச் செல் வகையான எச்இகே293டி செல்கள் டிஎன்ஏவை எளிதில் ஏற்கும், வேகமாக வளரும், நிறையப் புரதம் செய்யும். 75 சதுர சென்டிமீட்டர் குடுவையில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள அடைகாப்பானில் அவற்றை வளருங்கள். மைக்கோப்பிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியத்தின் தொற்று இல்லை என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். தொற்றுள்ள செல்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அவற்றின் வளர்சிதை மாற்றம் மாறியிருக்கும். குடுவையின் அடிப்பரப்பு ஏறக்குறைய நிறைந்ததும், புரதத்தின் மரபணுவை வலுவான முன்னியக்கியுடன் (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதியுடன்) தாங்கிய பிளாஸ்மிட்டை, அதாவது வளைய டிஎன்ஏவை, செலுத்தலாம். பாலிஎத்திலினிமைன் என்ற பாலிமர் மலிவானது, இதற்குப் போதுமானது. ஒரு குடுவைக்கு 25 மைக்ரோகிராம் அளவு டிஎன்ஏவை எடுத்து, பாலிமரை அதற்குச் சமமாகவோ இருமடங்காகவோ சேர்த்துப் பார்த்து, செல்களை வாட்டாமல் அதிகப் புரதம் தரும் விகிதத்தை உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியுங்கள். இந்த அளவீடுகளைச் சாதாரண ஊடகத்தில், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் எஸ்டிஎஸ் ஜெல்லைக் கொண்டே செய்துவிடலாம். விலை மிகுந்த ஐசோடோப்பு ஊடகத்தை இதற்குச் செலவிட வேண்டாம்.

இயற்கையில் கிடைக்கும் நைட்ரஜனில் நைட்ரஜன்-15 வெறும் 0.37 சதவீதம்தான். எனவே புரதத்தின் நைட்ரஜன்களை நைட்ரஜன்-15ஆக மாற்றிவிட்டால், செல்லில் முன்பே இருந்த ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் பெரும்பாலும் நிறமாலைக்கு வெளியே நின்றுவிடும். இதற்காக டிஎன்ஏ செலுத்தும் அன்றே செல்களைக் கழுவி, பழைய ஊடகத்தை அகற்றி, நைட்ரஜன்-15 ஏற்றிய அமினோ அமிலங்கள் கொண்ட ஊடகத்தை ஊற்றுகிறோம். சீரத்தின் அளவை 2 சதவீதமாகக் குறைப்பது வழக்கம். இந்த மாற்றத்தை டிஎன்ஏவுக்கு முன்னதாகச் செய்தால் செல்லின் சொந்தப் புரதங்களும் ஐசோடோப்பை அதிகமாக ஏற்றுக்கொள்ளும். பின்னதாகச் செய்தால் நாம் விரும்பும் புரதத்தின் ஒரு பகுதி ஐசோடோப்பு இல்லாமலே உருவாகியிருக்கும். துத்தநாகம் தேவைப்படும் புரதமானால் துத்தநாக உப்பைப் பத்து மைக்ரோமோலார் அளவில் இதே நேரத்தில் சேர்க்க வேண்டும். பிறகு 48 மணி நேரம் காத்திருக்கலாம்.

எல்லா அமினோ அமிலங்களிலும் ஐசோடோப்பை ஏற்றினால், நன்றாகத் தெரியும் புரதத்தில்கூட முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கேள்வி குறுகியதாக இருந்தால் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டும் ஏற்றுவது மேலானது. எஸ்ஓடி1இல் 6, 57, 111, 146 ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே சிஸ்டீன் உண்டு. நைட்ரஜன்-15 சிஸ்டீனை மட்டும் ஊடகத்தில் கொடுத்தால் நிறமாலை சில முகடுகளாகச் சுருங்கிவிடும். 57உம் 146உம் பிணைந்திருக்கின்றனவா, தனித்தனியாக ஒடுக்க நிலையில் இருக்கின்றனவா என்பதை அவற்றின் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொடுத்த சிஸ்டீனில் ஒரு பகுதி குளூட்டாதயோனுக்குள்ளும் போய்ச் சேரும் என்பதால், கூர்மையான ஒரு முகடு கூடுதலாகத் தோன்றும். அதைப் புரதத்தின் முகடு என்று எண்ணிவிடக் கூடாது. மெத்தியோனின், லைசின் போன்றவற்றின் நைட்ரஜனும் பிற அமினோ அமிலங்களுக்குப் பெரிதாகச் சிதறுவதில்லை. அஸ்பார்டேட், குளூட்டமேட், அலனைன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் செல்லின் டிரான்ஸ்அமினேஸ் நொதிகள் அவற்றின் நைட்ரஜனைப் பிற அமினோ அமிலங்களுக்கு இடம் மாற்றிவிடும். அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

வெளியிலிருந்து செலுத்துவது

செல்லையே உற்பத்தி செய்ய வைக்க முடியாத சூழல்கள் உண்டு. புரதத்தின் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்தை முன்கூட்டியே வேதிமாற்றம் செய்து அனுப்ப வேண்டியிருக்கலாம், அல்லது செறிவு இயல்பான அளவை ஒட்டியே இருக்க வேண்டியிருக்கலாம். அப்போது ஈ. கோலையில் ஐசோடோப்பு ஏற்றித் தூய்மைப்படுத்திய புரதத்தை மின்துளைப்பு மூலம் செலுத்துவதே இப்போது பரவலான வழி. சில நூறு மைக்ரோமோலார் செறிவுள்ள புரதக் கரைசலில் செல்களைக் கலந்து, குறுகிய மின்துடிப்பு கொடுத்து, உடனே வெதுவெதுப்பான ஊடகத்துக்கு மாற்றி, தட்டில் சில மணி நேரம் ஒட்டி மீளவிட வேண்டும். இந்த மீட்சிக் காலத்தை எவ்வளவு அவசரமானாலும் குறைக்காதீர்கள். துளை மூடாத செல்களும், செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டிய புரதமும், இறந்துபோன செல்களும் கழுவி நீங்குவது அப்போதுதான். 2016இல் பிலிப் செலென்கோ குழுவினர் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைனூக்ளீன் புரதத்தை இவ்வழியில் பல மனித, பாலூட்டிச் செல் வகைகளுக்குள் செலுத்தி, அது அங்கேயும் நிலையான மடிப்பின்றியே இருப்பதைக் காட்டினார்கள். மெத்தியோனின்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்த ஆல்ஃபா-சைனூக்ளீனைச் செலுத்திய மற்றொரு ஆய்வில், 1, 5 ஆகிய இடங்களிலுள்ள மெத்தியோனின்களைச் செல் பழுதுபார்த்துவிட்டது, 116, 127 ஆகிய இடங்களில் இருப்பவற்றை அப்படியே விட்டுவிட்டது. உள்ளே போகும் புரதத்தின் ஆரம்ப நிலை நம் கையில் இருந்ததால்தான் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

செல்லுக்குள் ஊடுருவும் பெப்டைடை இணைத்து அனுப்புவதும், ஸ்ட்ரெப்டோலைசின் ஓ நச்சால் சவ்வில் துளையிட்டுப் பின் மூடுவதும் 2009இல் மனித செல்களில் முதலில் வெற்றி பெற்ற வழிகள். இன்றைக்கு ஒரு புதிய ஆய்வைத் தொடங்குபவர் அவற்றிலிருந்து தொடங்க வேண்டிய தேவையில்லை.

குடுவையிலிருந்து குழாய்க்கு

செல்களை அறுவடை செய்வதற்கு முன்பே என்எம்ஆர் கருவி முழுவதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். சாதாரண எச்இகே293டி செல்களைக் கொண்டு ஒரு போலி மாதிரி தயாரித்து, அதை வைத்து வெப்பநிலையை நிலைப்படுத்தி, ப்ரோபை (சமிக்ஞையை வாங்கும் கம்பிச்சுருள் பகுதியை) ட்யூன் செய்து, பல்ஸ் அளவுகளை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மாதிரி உள்ளே போனபின் லாக் (காந்தப்புலம் நகராமல் பிடித்துவைப்பது), ஷிம்மிங் (புலத்தைச் சீராக்குவது), முதல் ஒருபரிமாண நிறமாலை ஆகிய மூன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். செல்கள் நிறைந்த மாதிரியில் காந்தப்புலம் ஒருபோதும் சீராகாது. ஒவ்வொரு செல் சவ்வின் இருபுறமும் காந்த ஏற்புத்திறன் சற்றே வேறுபடுகிறது. கூர்மையான நீர்க் கோட்டைத் தேடி ஷிம்மிங்கில் கால்மணி நேரம் செலவழித்தால் அந்த நேரம் முழுவதும் செல்களின் ஆயுளிலிருந்துதான் போகிறது.

அறுவடை எளிய வேலை, ஆனால் கை மென்மையாக இருக்க வேண்டும். டிரிப்சினால் செல்களைப் பிரித்தெடுத்து, சீரம் உள்ள ஊடகத்தால் டிரிப்சினை அடக்கி, பாஸ்பேட் உப்புக் கரைசலில் கழுவி, 800 ஜி விசையில் ஐந்து நிமிடம் மையவிலக்கில் சுழற்றுங்கள். கிடைக்கும் செல் படிவின் கன அளவுக்குச் சமமான என்எம்ஆர் ஊடகத்தில் அதை மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக உறிஞ்சி உமிழும் பிப்பெட்டே செல்களை உடைக்கும் முதல் எதிரி. முனை அகன்ற பிப்பெட்டை, அல்லது குழாயின் அடி வரை எட்டும் நீண்ட கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள்.

என்எம்ஆர் ஊடகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் செல்லின் பக்கமிருந்து யோசித்தால் விடை தானாகவே வரும். சில கோடி செல்கள் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைந்த இடத்தில் அடைபட்டிருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றித்தான் ஆற்றல் பெற வேண்டும். அந்த அமிலம் சேரச் சேர பிஎச் இறங்கும். ஆகவே டிஎம்இஎம் என்ற வழக்கமான செல் வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸை 90 மில்லிமோலாராக உயர்த்தி, 70 மில்லிமோலார் ஹெப்பெஸ் தாங்கியையும், லாக்கிற்காக 20 சதவீதம் கனநீரையும் சேர்க்கிறார்கள். இது செல்களுக்கு இயல்பான சூழல் ஆகாது. அவை தாங்கிக்கொள்ளும் நேரத்தை நீட்டிக்கும் ஏற்பாடு மட்டுமே.

3 மில்லிமீட்டர் ஷிகெமி குழாயை, அதாவது சிறிதளவு மாதிரிக்கென வடிவமைத்த என்எம்ஆர் குழாயை, பரிந்துரைக்கிறேன். குறைந்த செல்களைக் கொண்டே கருவியின் உணர்பகுதியை நிரப்பலாம் என்பது ஒரு காரணம். செல்களிலும் ஊடகத்திலும் உள்ள உப்பு க்ரையோப்ரோபின் (குளிரூட்டிய ப்ரோபின்) உணர்திறனைக் குறைக்கும், குறுகிய குழாயில் அந்த இழப்பு குறைவு என்பது மற்றொன்று. கலவையைக் குழாயில் ஊற்றியபின் மிக மெதுவாகச் சுழற்றிச் செல்களை அடியில் அமர வையுங்கள். இல்லாவிட்டால் அவை அளவீட்டின் நடுவே தாமாகவே கீழே இறங்கி, கோட்டின் வடிவத்தையும் சமிக்ஞையின் அளவையும் நேரத்தோடு மாற்றிக்கொண்டே போகும். அதே கலவையில் சிறிதளவைத் தனியே எடுத்து, டிரிப்பன் நீலம் சேர்த்து நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்க வேண்டும். சவ்வு சிதைந்த செல்கள் நீலமாகும். உயிருள்ளவை சாயத்தை வெளியே நிறுத்தும். நீலச் செல்கள் பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அளவீட்டைத் தொடங்காமல் அறுவடை முறையைச் சரிசெய்வதே நல்லது.

நிறமாலை எடுப்பது

முதலில் ஒருபரிமாண ஹைட்ரஜன் நிறமாலை. இது வெறும் சோதனைப் படி என்று எண்ண வேண்டாம். 10 முதல் 16 பிபிஎம் (நிறமாலை அச்சின் அலகு) வரையிலான பகுதியில் செல்லின் பின்னணி ஏறக்குறைய இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பில் உள்ள ஹிஸ்டிடின் வளையத்தின் ஹைட்ரஜன்கள் அங்கேதான் தென்படும். உலோகத்தைப் பற்றியிருக்கும் ஹிஸ்டிடின்களின் சமிக்ஞை அங்கே தெரிந்தால், உலோகம் உரிய இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை ஐசோடோப்பே இல்லாமல் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம்.

அடுத்து இருபரிமாண ஹைட்ரஜன்-நைட்ரஜன் நிறமாலை. இதற்கு சோஃபாஸ்ட்-எச்எம்க்யூசி என்ற பல்ஸ் வரிசையே பொருத்தம். 2005இல் ஷாண்டாவும் ப்ரூட்ஷரும் வெளியிட்ட இந்த முறையில், புரதச் சங்கிலியின் நைட்ரஜன்களோடு இணைந்த அமைடு ஹைட்ரஜன்கள் மட்டும் கிளர்த்தப்படுகின்றன. நீரும் புரதத்தின் பிற ஹைட்ரஜன்களும் தொடப்படாமல் இருப்பதால், கிளர்ந்த அமைடுகள் தம் ஆற்றலை அவற்றிடம் விரைவாக இறக்கிவைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகின்றன. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு நொடிக்கு மேல் காத்திருந்த இடத்தில், கால் நொடி போதுமாகிறது. ஒரே மணி நேரத்தில் பல மடங்கு சுற்றுகள் சேர்கின்றன.

ஒரு மணி நேரத்தை ஒரே நீண்ட அளவீடாக ஓட்டாதீர்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடத் துண்டுகளாக ஓட்டிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். முதல் துண்டையும் கடைசித் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். முகடுகள் இடம் மாறியிருந்தால் பிஎச் இறங்கியிருக்கிறது; புதிய கூர்மையான முகடுகள் வளர்ந்து வந்திருந்தால் செல்கள் உடையத் தொடங்கியுள்ளன. அத்தகைய துண்டுகளைத் தயங்காமல் விலக்கிவிட்டு, நல்ல துண்டுகளை மட்டும் கூட்டுங்கள். இறுதியில் மீண்டும் ஓர் ஒருபரிமாண நிறமாலை எடுத்துத் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். 600 மெகாஹெர்ட்ஸ் கருவியில் க்ரையோப்ரோப் இருந்தால் தொடங்குவதற்குப் போதும். 900க்கு மேற்பட்ட கருவி கிடைத்தால் முகடுகள் பிரிந்து தெரிவதில் பெரிய வேறுபாட்டைக் காணலாம்.

பின்னணியைக் கழிக்க, புரத மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட்டைச் செலுத்திய செல்களை அதே ஐசோடோப்பு ஊடகத்தில் வளர்த்து, அதே அளவுருக்களில் நிறமாலை எடுக்க வேண்டும். ஐசோடோப்பு ஊடகத்தின் விலையைக் காரணம் காட்டி இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

சமிக்ஞை செல்லுக்குள்ளிருந்துதான் வருகிறதா

இந்த முறையின் நம்பகத்தன்மை முழுவதும் இந்தக் கேள்வியில் தங்கியிருக்கிறது. செல்லுக்குள் நெரிசலில் இருக்கும் புரதத்தின் கோடுகள் அகன்றவை, உயரம் குறைந்தவை. அதே புரதம் வெளியே கசிந்துவிட்டால் வெளி ஊடகத்தில் தடையின்றிச் சுழன்று, கூர்மையான உயர்ந்த முகடுகளைத் தரும். ஆகவே மொத்தப் புரதத்தில் சிறு பங்கு மட்டுமே கசிந்திருந்தாலும், நாம் பார்க்கும் நிறமாலை பெரும்பாலும் அந்தச் சிறு பங்கினுடையதாக இருக்கலாம். நிறமாலை அழகாக இருக்கிறது என்பதே ஐயத்துக்குக் காரணமாக வேண்டும். பாக்டீரியச் செல்களில் நடந்த ஆய்வுகளில் கசிந்த புரதத்தின் சமிக்ஞை உள்ளிருந்து வருவதாகத் தோன்றக்கூடும் என்பது விரிவாகப் பதிவாகியுள்ளது.

சோதனை எளிது. அளவீடு முடிந்ததும் செல்களைக் குழாயிலிருந்து மெதுவாக எடுத்து, மென்மையாகச் சுழற்றி, வெளி ஊடகத்தை மட்டும் பிரித்தெடுங்கள். அதே குழாயில், அதே வெப்பநிலையில், அதே எண்ணிக்கையிலான சுற்றுகளுடன் அதன் நிறமாலையை எடுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வது ஏற்கத்தக்கதன்று. புரதத்தின் முகடுகள் இதில் தென்பட்டால் அன்றைய செல் நிறமாலையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் கழித்து மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மாதிரியில் மீண்டும் ஒருமுறை டிரிப்பன் நீலம் சேர்த்து எண்ணுவது இந்த முடிவுக்குத் துணையாகும், மாற்றாகாது. சாயம் புகாத செல்லிலிருந்தும் சிறிய புரதங்கள் மின்துளைப்புக்குப் பின் கசிவதுண்டு.

அடுத்து செல்களைச் சிறிது தாங்கல் கரைசலில் கலந்து, உறையவைத்து உருக்குவதைச் சிலமுறை செய்து உடைத்து, 4 டிகிரியில் 16,000 ஜி விசையில் சுழற்றி, தெளிந்த செல் சாற்றின் நிறமாலையை எடுங்கள். செல்லுக்குள் எதுவும் தெரியாமல் போன நாள்களில் இந்தச் சாறுதான் காரணத்தைச் சொல்லும். சாற்றில் புரதம் தெளிவாகத் தெரிந்தால், அது செல்லுக்குள் மடிந்த நிலையில் இருந்தது, எதனுடனோ வலுவற்று ஒட்டியிருந்தது, நீர்த்தபோது விடுபட்டது என்று பொருள். சாற்றிலும் தெரியாமல் எஸ்டிஎஸ் ஜெல்லில் மட்டும் அதன் பட்டை தெரிந்தால், அது பெரிய கூட்டோடு வலுவாகப் பிணைந்திருக்கிறது. ஜெல்லின் பட்டை அடியில் அமர்ந்த படிவின் பங்கில் மட்டும் இருந்தால் புரதம் கரையாத திரளாகிவிட்டது. ஜெல்லிலும் இல்லையென்றால் உற்பத்தியே நடக்கவில்லை. சமிக்ஞை இல்லாமை இவ்வாறு நான்கு வெவ்வேறு செய்திகளைத் தாங்கி வரலாம் என்பதால், சமிக்ஞை இல்லாத நிறமாலையைத் தோல்வி என்று குப்பையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜெல்லில் அறிந்த செறிவுகளில் தூய புரதத்தையும் அருகருகே ஓட்டினால், பட்டைகளின் அடர்த்தியை ஒப்பிட்டுச் செல்லுக்குள் இருந்த செறிவையும் கணக்கிட்டுவிடலாம்.

நிறமாலைக்குப் பொருள் சொல்வது

எஸ்ஓடி1இல் கிடைத்த முடிவுகள் இதற்கு நல்ல பயிற்சி. ஊடகத்தில் துத்தநாகம் சேர்க்காதபோது, உலோகமில்லாத வடிவமும் துத்தநாகம் ஏற்ற வடிவமும் செல்லுக்குள் கலந்திருந்தன. துத்தநாகம் சேர்த்ததும் ஒவ்வோர் அலகும் ஒரே ஒரு துத்தநாகத்தை, அதுவும் அதற்குரிய இடத்தில் மட்டும் ஏற்றது. குழாய்க் கரைசலில் அதே புரதம் செம்பின் இடத்திலும் துத்தநாகத்தை ஏற்றுக்கொள்ளும். டைசல்ஃபைடு பிணைப்பும் செம்பும் முறையாகச் சேர, சிசிஎஸ் என்ற துணைப் புரதத்தையும் செல்லில் கூடவே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. மிகையாக உற்பத்தியான எஸ்ஓடி1க்கு இயல்பான அளவு சிசிஎஸ் போதவில்லை. துணைப் புரதத்தை உடன் சேர்க்கும் இந்த உத்தியை உலோகமேற்கும் புரதம் எதை ஆராய்ந்தாலும் முயன்று பாருங்கள்.

மருந்து மூலக்கூறு செல்லுக்குள் சென்று இலக்கைப் பற்றுகிறதா என்பதற்கும் இதே வழியில் விடை காணலாம். கார்போனிக் அன்ஹைட்ரேஸ் II நொதியில் 94, 96, 119 ஆகிய இடங்களிலுள்ள ஹிஸ்டிடின்கள் துத்தநாகத்தைப் பற்றியிருக்கின்றன. அசெட்டசோலமைடு போன்ற தடுப்பானை ஊடகத்தில் சேர்த்தால், நான் முன்பு சொன்ன 10 முதல் 16 பிபிஎம் பகுதியில் சமிக்ஞைகள் மாறுவதை உயிருள்ள செல்லிலேயே பார்க்கலாம். 2020இல் வெளியான இந்த ஆய்வு, மருந்து சவ்வைக் கடக்கும் வேகத்தையும் பிணைப்பையும் ஒருசேரக் காட்டியது. செல்லின் நெரிசல் புரதத்தை எப்போதும் நிலைப்படுத்தும் என்ற பழைய எண்ணமும் இத்தகைய அளவீடுகளால் திருத்தப்பட்டது. எஸ்ஓடி1இன் பீப்பாய் வடிவ மையப் பகுதியின் ஒரு திரிபை 2015இல் மனித செல்லுக்குள் அளந்தபோது, அது தாங்கல் கரைசலில் இருந்ததைவிட அங்கே நிலைத்தன்மை குறைந்தே இருந்தது. சுற்றியுள்ள புரதங்கள் அதன் விரிந்த வடிவத்தோடும் தொடுகை கொள்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

ஒரு மணி நேரம் போதாத கேள்விகளும் உண்டு. மருந்து பிணையும் வேகத்தையோ ஆக்சிஜனேற்றம் பரவுவதையோ பின்தொடர வேண்டுமென்றால் செல்களை அகரோஸ் ஜெல் இழைகளில் பொதிந்து, என்எம்ஆர் குழாய்க்குள்ளேயே புதிய ஊடகத்தைத் தொடர்ந்து பாயவிடும் உயிர்வினைக் கலத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் செல்கள் ஒரு நாளுக்கும் மேலாகத் தாங்கும். பாஸ்பரஸ்-31 நிறமாலையில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் மூன்று சமிக்ஞைகள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்த்து அவற்றின் நலத்தை இடையிடையே உறுதி செய்யலாம். பொதியும் இடத்தை ஜெல்லும் பகிர்ந்துகொள்வதால் செல்களின் எண்ணிக்கை குறையும், சமிக்ஞையும் குறையும். குழாய் முறை கைக்கு வந்தபின்பே இதில் இறங்குங்கள். முப்பது கிலோடால்டனைத் தாண்டும் புரதங்களுக்கு மெத்தில் தொகுதிகளில் கார்பன்-13 ஏற்றுவதும், ஃபுளோரின்-19 கொண்ட டிரிப்டோஃபேன் அல்லது டைரோசினைப் புகுத்துவதும் வழிகள். செல்லில் இயல்பாக ஃபுளோரின் சேர்மங்கள் இல்லை என்பதால் பின்னணித் தொல்லையே இராது.

முடிவுகளை வெளியிடும்போது, செல்லின் நிறமாலைக்குப் பக்கத்திலேயே வெளி ஊடகத்தின் நிறமாலையையும் அதே உயர அளவுகோலில் அச்சிடுங்கள். அளவீட்டுக்கு முன்னும் பின்னும் உயிரோடிருந்த செல்களின் விழுக்காடு, அறுவடை முதல் கடைசித் துண்டு வரை சென்ற நேரம், மாதிரியின் வெப்பநிலை, ஜெல்லிலிருந்து கணித்த புரதச் செறிவு, வெற்றுப் பிளாஸ்மிட் செல்களின் நிறமாலை, விலக்கிய துண்டுகள் எவை, ஏன் விலக்கினீர்கள் என்பது ஆகிய அனைத்தையும் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வேறொரு ஆய்வுக்கூடம் உங்கள் சோதனையை மீண்டும் செய்து பார்ப்பது கடினமாகிவிடும்.